பழக்கொட்டையைக் கொடுத்து டீசல் வாங்கலாமா? கிராண்ட்பாஸ் விதை மில்லில் பத்து மாதம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கும் தம்பிக்கும் சின்ன ஜூஸ் கடை ஒன்று இருக்கிறது. பப்பாசி, கொடித்தோடை (பாஷன் புரூட்), மாம்பழம், ஆனைக்கொய்யா (அவகாடோ), அன்னாசி எல்லாம் போகும். பப்பாசி மட்டும் நாளுக்கு 20, 25 கிலோ வெட்டுவோம், அதில் வழித்து எடுக்கிற கறுப்பு விதையே இரண்டு மூன்று கிலோ வந்துவிடும், அது அப்படியே ஈரத்தோடு குப்பை லொறிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2024 ஜூலையில், பேலியகொடை மெனிங் சந்தையில் பழம் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது ஒரு லொறிக்காரர் சொன்னார், கிராண்ட்பாஸில் ஒரு கொட்டகையில் பழக்கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்து அதை டீசலாக்கித் தருகிறார்கள் என்று. அடுத்த ஞாயிறே போய்ப் பார்த்தோம். அன்றிலிருந்து பத்து மாதமாக அவர்களோடு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. நிறையப் பேர் கடைக்கு வந்து கேட்கிறார்கள், எல்லோருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பெயர்ப்பலகை கிடையாது. "விதை மில்" என்று கேட்டால் அந்த ஒழுங்கையில் எல்லோரும் காட்டுவார்கள். உள்ளே திருகு முறையில் பிழிகிற எண்ணெய் இயந்திரம் ஒன்று, சூடாக்குகிற எவர்சில்வர் தாங்கி ஒன்று, அடி கூம்பாக இருக்கும் நீலப் பரல்கள் நாலைந்து. நடத்துபவர் வயதான ஐயா ஒருவர், முன்பு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவரோடு இரசாயனம் படித்த ஒரு தங்கச்சி, எடுபிடிக்கு இரண்டு பையன்கள். அவ்வளவுதான்.

அவர்கள் எரிபொருள் விற்பதில்லை, இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ச் செக்கு எப்படி நடக்கும்? நாங்கள் கொப்பரையைக் கொண்டுபோய்க் கொடுப்போம், செக்குக்காரர் கூலியை எடுத்துக்கொண்டு எண்ணெயையும் பிண்ணாக்கையும் தருவார். இங்கேயும் அதே முறைதான். என் அம்மம்மா இலுப்பைக்கொட்டை பொறுக்கி, முற்றத்தில் காய வைத்து, செக்கில் கொடுத்துக் கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுப்பா, பிண்ணாக்கை அரப்பாகத் தலையில் தேய்த்து முழுகுவோம். அதனால் அந்தக் கொட்டகையின் வாசனை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. ஒரு வித்தியாசம், நாம் கொடுத்த விதையின் எண்ணெய் நமக்கே திரும்பி வராது. பலருடைய எண்ணெயையும் சேர்த்து ஒரே தாங்கியில்தான் காய்ச்சுகிறார்கள், நமக்கு வருவது பங்கு. எந்த விதை, எத்தனை கிலோ, எவ்வளவு காய்ந்தது என்று துண்டில் எழுதித் தருவார்கள், அதை வைத்துத்தான் பங்கு. குறைந்தது 20 கிலோ காய்ந்த விதையாவது வேண்டும்.

காய்ந்த விதை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கேதான் முதலில் அடிபட்டேன். பப்பாசி விதையை வழித்து, அதன் மேலே இருக்கும் வழவழப்பான சவ்வோடேயே உரப்பையில் போட்டு, மூன்று நாள் கடையின் பின்பக்கத்தில் வைத்திருந்து கொண்டுபோனேன். பையைத் திறந்ததும் புளித்த நாற்றம். ஐயா கோபப்படவில்லை, தங்கச்சியைக் கூப்பிட்டு "அக்காவுக்குக் காட்டு பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளை இதே மாதிரி கெட்டுப்போன விதையில் எடுத்த எண்ணெயைக் காய்ச்சிய போத்தல் ஒன்றைக் காட்டியது. எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை, கட்டித் தயிர் மாதிரி ஒன்று. விதை ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அதிலுள்ள கொழுப்பு உடைந்து அமிலம் கூடிவிடும், அமிலம் கூடிய எண்ணெயில், டீசலாக்குவதற்குச் சேர்க்கிற கோஸ்டிக் சோடாவைப் போட்டால் எரிபொருளுக்குப் பதில் சவர்க்காரம் வந்துவிடும், அப்புறம் அதைப் பிரிக்கவே முடியாது. அமிலம் ஒன்று இரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே இந்தத் தொல்லை ஆரம்பிக்கும் என்றது பிள்ளை. இதைச் சரிப்படுத்த முதலில் சல்பூரிக் அமிலத்தில் ஒரு சுற்றுக் காய்ச்சுகிற முறை உண்டாம், ஆனால் சின்ன இடத்தில் அந்தச் செலவு கட்டாது. அந்த முதல் மூட்டை அப்படியே உரத்துக்குப் போனது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். விதையை வழித்த உடனே அரிதட்டில் போட்டுத் தேய்த்துக் கழுவி, சவ்வை எடுத்து, மொட்டைமாடியில் தகரத்தின் மேல் பரப்பிவிடுவோம். வெயில் நன்றாக இருந்தால் மூன்று நாள். ஒக்டோபர், நவம்பர் மழையில் சரிவராது, அந்த இரண்டு மாதமும் நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. 70 கிலோ ஈரப் பப்பாசி விதை காய்ந்து முடிய 14 கிலோதான் நின்றது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மில்லில் ஈரத்தை ஆட்டினால் அந்த எண்ணெயும் வராது.

சரி, எந்தப் பழம் பிரயோசனம்? "பழக்கொட்டையில் டீசல்" என்றதும் எல்லோரும் பெரிய கொட்டையைத்தான் நினைக்கிறார்கள். நானும் ஆனைக்கொய்யாக் கொட்டையைச் சாக்குச் சாக்காகச் சேர்த்து வைத்தேன். ஐயா அதைத் தொடவே இல்லை. ஆனைக்கொய்யாவின் எண்ணெய் முழுவதும் சதையில் இருக்கிறது, கொட்டையில் இருப்பது பெரும்பாலும் மாவு. பலாக்கொட்டையும் அப்படித்தான், அதை அவித்துக் கறி வைத்துச் சாப்பிடுங்கள். மாங்கொட்டைக்கு ஆசை காட்டுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன, உண்மையில் ஓட்டை உடைத்து எடுத்த பருப்பைக் காய வைத்தால் அதில் நூற்றுக்குப் பத்து அளவில்தான் கொழுப்பு, திருகு இயந்திரத்தில் பிழிந்தால் அதிலும் பாதி பிண்ணாக்கோடேயே போய்விடும். அந்தக் கொழுப்பு கொக்கோ வெண்ணெய் மாதிரிக் கெட்டியானது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு விதிப்படி சொக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்கவே அனுமதி இருக்கிற சாமான். அதைக் கொண்டுபோய் எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, மில்லிலும் மாங்கொட்டை எடுப்பதில்லை.

எண்ணெய் இருப்பது சின்ன விதைகளில். பப்பாசி விதையைக் காய வைத்தால் கால் பங்குக்கு மேல் எண்ணெய். கொடித்தோடை விதையில் அதற்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் அது கழுவ லேசு, காயவும் லேசு, கடைக்காரர்களுக்கு மிகவும் வசதியானது. எல்லாவற்றுக்கும் ராசா ரம்புட்டான். காய்ந்த கொட்டையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு! மல்வானை ரம்புட்டான் வந்து குவிகிற மாதங்களில் கொழும்புத் தெருவோரமெல்லாம் அந்தக் கொட்டை சிதறிக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் மச்சாள் ஒருவர் ரம்புட்டானைக் கொட்டை நீக்கிப் பாகில் போட்டு விற்கிறார், அவரிடமிருந்து வந்த கொட்டைதான் எங்கள் கணக்கைத் தூக்கி நிறுத்தியது. ரம்புட்டான் என்றால் நாலு கிலோ காய்ந்த கொட்டைக்கு ஒரு லீற்றர் வந்தது. பப்பாசியும் கொடித்தோடையும் கலந்து கொடுத்தபோது ஆறு கிலோவுக்கு ஒரு லீற்றர்.

ஆனால் ரம்புட்டானை மட்டும் காய்ச்சினால் வேறு பிரச்சினை. அதில் கெட்டியாக உறைகிற வகைக் கொழுப்பு அதிகம், அறை வெப்பத்திலேயே நெய் மாதிரி நிற்கும், டீசலாக்கினாலும் லேசாகக் குளிர்ந்தாலே மங்கிப்போய்ப் பில்டரில் ஒட்டும். கொடித்தோடை எண்ணெய் நேர் எதிர், குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் காற்றுப் பட்டுக் கிடந்தால் சீக்கிரம் சிக்குப் பிடித்துப் பிசின் ஆகிவிடும். இந்த இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் அந்தத் தங்கச்சியின் கெட்டித்தனம் இருக்கிறது. பப்பாசி எண்ணெய் நடுவில் நிற்கிறது, அதுதான் அடிப்படை, மற்றது இரண்டும் அளவாகச் சேரும். எங்களுக்கு வந்த டீசல் கானில் "நுவரெலியா போகிற வாகனத்துக்கு ஊற்ற வேண்டாம்" என்று கறுப்பு மையால் எழுதியிருந்தது. எவ்வளவு பொறுப்பான ஆட்கள் என்று அன்றைக்கே பிடித்துப்போனது.

காய்ச்சுகிற வேலையை நான் கதவுக்கு வெளியில் நின்றுதான் பார்த்தேன். உள்ளே விடமாட்டார்கள், அது நல்லதுதான். பத்து லீற்றர் எண்ணெய்க்கு இரண்டு லீற்றர் மெதனோல் அளவில், அதில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து, எண்ணெயை அறுபது பாகைக்குக் கிட்டச் சூடாக்கி, மூடிய தாங்கியில் ஒரு மணித்தியாலம் கலக்குகிறார்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் மெதனோல் கொதித்துப்போகும், அதன் கொதிநிலை 64.7 பாகைதான். அப்புறம் கூம்புப் பரலில் விட்டு ஒரு இரவு வைத்தால் அடியில் மண்ணிறமாகக் கிளிசரின் இறங்கிவிடும், மேலே நிற்பது நமக்கு வேண்டிய சாமான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், முதல் தண்ணீர் பால் மாதிரி வரும், மூன்றாவது நாலாவது தண்ணீர் தெளிந்துவிடும், கடைசியில் சூடாக்கி ஈரத்தை எடுக்கிறார்கள். இதை யூடியூப் பார்த்து வீட்டுக் குசினியில் செய்துபார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெதனோல் பொல்லாத நஞ்சு, மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும், உடம்புக்குள் போனால் கண் பார்வையே போய்விடும், தீயும் சட்டென்று பிடிக்கும், பகலில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் கான் கொடுக்கும்போது நம் முன்னாலேயே ஒரு சோதனை செய்து காட்டுகிறார்கள். கண்ணாடிக் குழாயில் 27 மில்லிலீற்றர் மெதனோல், அதில் 3 மில்லிலீற்றர் இவர்கள் செய்த டீசல், குலுக்கி வைக்க வேண்டியது. முழுவதும் கரைந்து தெளிவாக நின்றால் சரி. அடியில் எண்ணெய்ச் சொட்டு இறங்கினால் இன்னும் பச்சை எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கேட்டால் சந்தோஷமாகச் செய்து காட்டுவார்கள்.

எதற்குப் பயன்படுத்துகிறேன் என்றால், கடை ஜெனரேற்றருக்கு. 2022ஐ யார் மறப்பது? மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு, ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபா, கானில் ஊற்றமாட்டோம் என்று ஷெட்டில் (எரிபொருள் நிரப்பு நிலையத்தில்) திருப்பி அனுப்புவார்கள், வாகனத்துக்கென்றாலும் ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்தக் காலத்தில் பிரிட்ஜில் இருந்த பழத்தை அழுகி அழுகித் தூக்கிப் போட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே, அதற்கடுத்த இரண்டு நாளும் வெட்டு, அந்த மூன்று நாளும் கடையில் பிரிட்ஜும் இரண்டு லைற்றும் ஓடியது நாங்கள் கொடுத்த விதையில்தான். முழுவதுமாக இல்லை, ஐந்தில் ஒரு பங்கு விதை டீசல், நாலு பங்கு ஷெட் டீசல். இந்தக் கலவையில் இயந்திரத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. தனி விதை டீசல் என்றால் லீற்றருக்குச் சக்தி எட்டு ஒன்பது சதவீதம் குறைவு, ஐந்தில் ஒரு பங்கில் அது கணக்கிலேயே வராது. கறுப்புப் புகை குறைந்ததை மாடி வீட்டு அன்ரிதான் முதலில் கவனித்துச் சொன்னா.

இனி என் முறைப்பாடுகள். முதல் கானை ஊற்றி ஒரு மணித்தியாலத்தில் ஜெனரேற்றர் இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி வந்து கழற்றிப் பார்த்தால் பில்டர் முழுக்கச் சேறு. இதில் பாதி எங்கள் தாங்கியின் பழைய அழுக்கு, விதை டீசல் கரைக்கும் தன்மை உள்ளது, வருடக்கணக்கில் படிந்ததைக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். அது எல்லா இடத்திலும் நடப்பதுதான், ஆனால் அதை முதலே சொல்லி, "இரண்டு பில்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? மற்றப் பாதி அவர்கள் பிழை. கானின் அடியில் தண்ணீர் நின்றது, அந்தத் தடவை அவசரத்தில் சரியாக உலர்த்தவில்லை. கானைத் திருப்பிக் கொண்டுபோனேன், ஐயா ஒன்றும் மறுக்கவில்லை, வேறு கான் தந்து பில்டர் காசையும் தந்தார். இருந்தாலும் நட்டப்பட்ட வியாபாரத்தை யார் தருவது. அடுத்தது, பழைய இயந்திரங்களில் இருக்கும் சாதாரண இறப்பர் குழாய் இதில் ஊறி மென்மையாகிவிடும். எங்களுடையது மூன்றாம் மாதம் வீங்கிக் கசிந்தது, எரிபொருளில் ஊறாத வைற்றன் இறப்பர் குழாய் மாற்றினோம். இதையும் நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். தவணை இன்னொரு தலையிடி. பத்து நாளில் தருகிறோம் என்பார்கள், போதிய எண்ணெய் சேராவிட்டால் மூன்று கிழமை ஆகும், போன் எடுத்துச் சொல்வதும் இல்லை. புது மொடல் வான், கார் வைத்திருப்பவர்கள் ஊற்றவே வேண்டாம், ஐரோப்பாவில் பம்பில் வரும் சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரைதான் கலக்க விடுகிறார்கள். ஊற்றத்தான் வேண்டுமென்றால் வாகனத்தின் கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

காசுக் கணக்கு? எங்களிடம் காய்ந்த விதை கிலோவுக்கு ஆட்டுக்கூலி 25 ரூபா, காய்ச்சுகிற கூலி லீற்றருக்கு 120 ரூபா. பப்பாசி, கொடித்தோடைக் கலவையில் லீற்றர் 270 ரூபாவுக்கு வந்து நிற்கிறது, ஓட்டோக் கூலியையும் பையன் விதை கழுவுகிற நேரத்தையும் சேர்த்தால் 2025 மே மாத ஷெட் டீசல் விலையை விடக் கொஞ்சம் கூடத்தான். ரம்புட்டான் காலத்தில் 220 ரூபா. மாதத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது ஐந்து லீற்றர் அளவில். ஆகவே காசு மிச்சம் பிடிக்கவென்று போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள்.

பிறகு ஏன் போகிறேன்? 2017 சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்தது, முப்பது பேருக்கு மேல் புதைந்துபோனார்கள். அந்த மேட்டில் எங்கள் கடைக் குப்பையும் இருந்தது. வருடக்கணக்காக நாங்கள் கட்டிக் கட்டிக் கொடுத்த ஈரப் பழக்கழிவு. இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் இந்த மாதிரி ஈரக்குப்பை எரிவதற்கு நல்லதில்லை. எங்கள் கடையிலிருந்து லொறிக்குப் போகும் பை முன்பு நாளுக்கு நாலு, இப்போது இரண்டு. தோலையும் சதையையும் உரம் போடுகிற ஒருவர் எடுக்கிறார், விதை மில்லுக்குப் போகிறது. மற்ற நாடுகளில் இதற்கென்றே முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப் பனை) நட்டு, காட்டை அழித்து, சமையல் எண்ணெயை வாகனத்துக்கு ஊற்றுகிறார்கள். இது அப்படியில்லை, யார் வாயிலிருந்தும் பறிக்காத எண்ணெய், தூக்கி எறிகிற விதை. எனக்கு அது பெரிய விஷயம்.

ஐயா ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார், 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் இயந்திரத்தைக் கச்சான் (நிலக்கடலை) எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம். பிறகு நானும் தேடிப் பார்த்தேன், உண்மைதான். அவர் அதைச் சொன்ன விதம், ஏதோ தன் சொந்த ஊர்க்காரர் செய்ததைச் சொல்வது மாதிரி.

பிண்ணாக்கைத் திருப்பித் தருவார்கள், அது உரத்துக்கு மட்டும், ஆட்டுக்கு மாட்டுக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் தருகிறார்கள். கிளிசரினை யாருக்கும் தருவதில்லை, அதில் மெதனோல் மிச்சம் இருக்கும். சவர்க்காரம் செய்யக் கேட்டு நச்சரிக்காதீர்கள். கானை வெயிலில் வைக்காமல் நிறைத்து மூடி வைத்தால் ஆறு மாதம் தாங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள். தீப்பிடிக்கிற பயம் ஷெட் டீசலை விடக் குறைவு, என்றாலும் அடுப்படியில் வைக்கிற சாமான் இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு கொடுப்பேன். சோதித்துத் தருவதற்கும், கூடாத விதையைக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கும் முழுப் புள்ளி. தவணைக்கும், பில்டர் விஷயத்தை முதலே சொல்லாததற்கும் ஒன்று குறைத்தேன்.

ரம்புட்டான் வரத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் 20 கிலோ தனியாகச் சேர்க்க முடியாதென்றால், கொட்டையைக் கழுவிக் காய வைத்து எங்கள் கடையில் தாருங்கள், சேர்த்து ஒரே ஓட்டோவில் ஏற்றிவிடலாம். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் தம்பி கிராண்ட்பாஸ் போகிறான். ஈரமான கொட்டை மட்டும் கொண்டுவர வேண்டாம்.